சென்சாரை விடுங்கள், துளையை அளந்து பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கேமராவில் படம் பதியும் சென்சார் சிறுத்தால் புல ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் பகுதியின் நீளம், கூடும் என்கிறார் ஒரு நண்பர். சிறிய சென்சார் கேமராவில் எல்லாமே கூர்மையாக விழுவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இன்னொருவரோ ஒரே லென்ஸ், ஒரே எஃப் எண் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்), ஒரே தூரம் என்று கணிப்பானில் போட்டுக் காட்டி, சிறிய சென்சாரில்தான் ஆழம் குறைகிறது என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? கையில் இருக்கும் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவை விற்றுவிட்டு, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் பின்புலம் நன்றாக மங்குமா?

இருவர் சொல்வதும் சரி. எதை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள் என்பதை இருவருமே சொல்லாமல் விட்டதால்தான் சண்டை. முதல் நண்பர் படத்தின் கட்டமைப்பை, அதாவது சட்டத்துக்குள் விழும் காட்சியை, மாற்றவில்லை. இரண்டாமவர் லென்ஸை மாற்றவில்லை. இந்த வாதத்தை நான் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் இரண்டு பக்கமும் சரியான விடையை வைத்துக்கொண்டே சண்டை போடுகின்றன.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. அதில் 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2, ஆள் 2 மீட்டர் தூரத்தில். கூர்மைக்கு வழக்கமாக வைக்கும் வரம்பை (பிறகு விளக்குகிறேன்) வைத்துக் கணக்கிட்டால் கூர்மையாகத் தெரியும் பகுதி ஏறத்தாழ 19 செ.மீ. அதே லென்ஸை, அதே எஃப்/2-இல், அதே இடத்தில் நின்றபடி, உங்களுடையதற்கும் ஃபுல் ஃபிரேமுக்கும் இடைப்பட்ட அளவுச் சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் 12.5 செ.மீ. ஆழம் குறைந்துவிட்டது, இரண்டாம் நண்பர் வென்றார். இப்போது ஏபிஎஸ்-சியில் லென்ஸை 33 மி.மீ. ஆக மாற்றி, ஃபுல் ஃபிரேமில் வந்த அதே கட்டமைப்பைக் கொண்டுவாருங்கள். எஃப்/2 அப்படியே இருக்கட்டும். ஆழம் 28 செ.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ., எஃப்/2 என்றால் 38 செ.மீ. முதல் நண்பர் வென்றார்.

லென்ஸை மாற்றாமல் காலை மாற்றும் வழியும் உண்டு. ஏபிஎஸ்-சியில் அதே 50 மி.மீ. லென்ஸோடு 3 மீட்டருக்குப் பின்வாங்கினால் ஆள் பழைய அளவில் சட்டத்துக்குள் வந்துவிடுவார். அப்போதும் ஆழம் 28 செ.மீ. தான். இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதால் பயன் இல்லை. கிராப் ஃபேக்டரை (ஃபுல் ஃபிரேமைவிடச் சென்சார் எத்தனை மடங்கு சிறியது என்ற எண்ணை) எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று குழம்பியே பலர் இந்த விஷயத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். நான் சென்சாரை முழுவதுமாகக் கணக்கிலிருந்து தூக்கி எறிந்துவிட்டுத்தான் இதை யோசிப்பேன். அதற்கு லென்ஸின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

லென்ஸைக் கையில் எடுத்து, ஒரு கை நீளத்துக்கு அப்பால் பிடித்து, ஒற்றைக் கண்ணால் முன் கண்ணாடிக்குள் பாருங்கள். நடுவில் வெளிச்சமாக ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம்தான் இந்தக் கதையின் நாயகன். எஃப்/2 என்ற எழுத்திலேயே அது இருக்கிறது: எஃப் என்பது குவியத் தூரம் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்), அதை 2-ஆல் வகுத்தால் வருவது துளையின் விட்டம். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் துளை 25 மி.மீ. 25 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/2 என்றால் 12.5 மி.மீ. எஃப் எண் ஒன்றுதான், ஆனால் துளையின் விட்டம் பாதி. பார்க்கும்போதே ஒன்று சன்னல் போலவும் மற்றது சாவித்துவாரம் போலவும் இருக்கும்.

இப்போது இருட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். தூரத்தில், ஐம்பது மீட்டருக்குக் குறையாமல், ஒரு சிறிய விளக்கு எரிய வேண்டும். கேமராவை முக்காலியில் வைத்து, ஒரு மீட்டர் முன்னால் ஒரு சாதாரண அளவுகோலை நிறுத்தி, அதன் கோடுகளின் மேல் ஃபோகஸ் வையுங்கள். அளவுகோலின் மேல்விளிம்பை ஒட்டி விளக்கு தெரியும்படி கேமராவை நகர்த்துங்கள். விளக்கு ஒரு மங்கல் தட்டாக விரிந்து நிற்கும். அந்தத் தட்டின் அகலத்தை அளவுகோலின் கோடுகளை வைத்தே படித்துவிடலாம். நான் 50 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் வைத்து எடுத்தபோது தட்டு ஏறத்தாழ இரண்டரை செ.மீ. இருந்தது. லென்ஸின் துளையும் அதே இரண்டரை செ.மீ. எஃப்/4-க்கு மூடினேன், தட்டு பாதியானது. அந்த லென்ஸை வேறு அளவுச் சென்சாரில் மாட்டி எடுத்தேன். அளவுகோல் சட்டத்தில் பெரிதாகத் தெரிந்தது, தட்டும் அதே விகிதத்தில் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் கோடுகளை எண்ணிப் பார்த்தால் அதே இரண்டரை செ.மீ.

இது எப்படி இவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது? வெகு தூரத்து விளக்கிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. அவற்றில் லென்ஸின் துளைக்குள் நுழைபவை மட்டும் ஒரு உருளையாக, துளையின் அகலத்திலேயே வந்து சேர்கின்றன. வரும் வழியில் அந்த உருளை அளவுகோல் நிற்கும் தளத்தைக் கடக்கிறது. அங்கேயும் அதன் அகலம் துளையின் அகலம்தான். ஃபோகஸ் வைத்த தளத்தில் என்ன இருக்கிறதோ அதை லென்ஸ் அப்படியே சென்சாரில் நகல் எடுக்கிறது. ஆகவே அந்தத் தளத்தில் இரண்டரை செ.மீ. அகலமாகக் கடந்த ஒளி, படத்திலும் அளவுகோலின் இரண்டரை செ.மீ. அகலத்துக்கு விழுகிறது. இந்த விளக்கத்தில் நான் சென்சார் என்று சொன்ன இடம் ஒன்றே ஒன்று, அதுவும் நகல் விழும் இடமாக மட்டும். அதன் அளவுக்கு இங்கே வேலையே இல்லை.

புல ஆழத்துக்கும் இதே படம் போதும். ஆளின் மூக்கில் ஃபோகஸ் வைத்திருக்கிறீர்கள், காது பின்னால் இருக்கிறது. காதின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, துளையை அடிப்பாகமாகக் கொண்ட ஒரு கூம்பாக லென்ஸை நோக்கி விரிகிறது. மூக்கின் தளத்தைக் கடக்கும்போது அந்தக் கூம்பு எவ்வளவு அகலமாக இருக்கிறதோ, அவ்வளவு அகலத்துக்குக் காதின் புள்ளி மங்கலாகும். துளை பெரிதானால் கூம்பு சீக்கிரம் விரியும். ஆள் அருகில் வந்தாலும் சீக்கிரம் விரியும்.

சரி, எவ்வளவு மங்கினால் கண் அதை மங்கல் என்று ஒப்புக்கொள்ளும்? ஆழம் என்ற பெயரில் நாம் போடும் எல்லைக்கோடு இங்கேதான் வருகிறது. உண்மையில் கூர்மையான தளம் ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகிறது. கையில் பிடித்துப் பார்க்கும் அளவு அச்சிட்ட படத்தை 25 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர், கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்த மங்கல் வட்டத்தைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்வார் என்பது பழைய வழக்கம். அதை ஃபுல் ஃபிரேம் நெகட்டிவ் அளவுக்குச் சுருக்கினால் 0.03 மி.மீ. ஏபிஎஸ்-சிக்கு 0.02, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 0.015. சிறிய சென்சாரின் படத்தை அதே அச்சு அளவுக்குக் கூடுதலாகப் பெருக்க வேண்டியிருப்பதால் அதற்குச் சலுகை குறைவு. சென்சார்தோறும் மாறும் இந்த எண்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. 36-ஐ 0.03-ஆல் வகுத்தால் 1200. சட்டத்தின் அகலத்தில் 1200-இல் ஒரு பங்குக்குள் மங்கல் அடங்கினால் கூர்மை என்று எல்லாச் சென்சாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மேலே கொடுத்த எண்களைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 2 மீட்டர் தூரத்தில் ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் காட்சியின் அகலம் சுமார் 1.4 மீட்டர். அதில் 1200-இல் ஒரு பங்கு 1.17 மி.மீ. ஆளின் தளத்தில் கூம்பு 1.17 மி.மீ. வரை விரியலாம். துளை 25 மி.மீ., தூரம் 2000 மி.மீ. என்பதால், 80 மி.மீ. விலகினால் கூம்பு 1 மி.மீ. விரியும். ஆகவே 1.17-க்கு ஏறத்தாழ 94 மி.மீ. முன்னால் ஒரு 94, பின்னால் ஒரு 94, மொத்தம் 19 செ.மீ. பின்பக்கம் சற்றுக் கூடுதலாகவும் முன்பக்கம் சற்றுக் குறைவாகவும் இருக்கும், இந்தத் தூரத்தில் அது பொருட்டல்ல.

அதே லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டி நகராமல் நின்றால்? துளை மாறவில்லை, தூரம் மாறவில்லை, கூம்பும் மாறவில்லை. காட்சியின் அகலம் மட்டும் 94 செ.மீ. ஆகக் குறுகியது. 1200-இல் ஒரு பங்கும் கூடவே குறுகி 0.78 மி.மீ. ஆனது. ஆழம் 12.5 செ.மீ. அதாவது லென்ஸ் எதையும் புதிதாக மங்கவைக்கவில்லை, நாம்தான் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். ஃபுல் ஃபிரேம் படத்தைக் கணினியில் அதே அளவுக்கு வெட்டினாலும் அதே 12.5 செ.மீ. தான் வரும். இரண்டாம் நண்பரின் கணிப்பான் சொன்னது இதைத்தான்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ., எஃப்/2 என்றபோது காட்சியின் அகலம் பழையபடி 1.4 மீட்டர் பக்கம், சலுகையும் பழையபடி. துளை மட்டும் 12.5 மி.மீ. ஆகப் பாதியானது. கூம்பு பாதி வேகத்தில் விரிகிறது, ஆழம் இரட்டிப்பானது. முதல் நண்பர் கண்ணால் கண்டது இதைத்தான்.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: துளை எவ்வளவு அகலம், ஆள் எவ்வளவு தூரம், சட்டத்துக்குள் எவ்வளவு அகலமான காட்சி. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால், எந்தச் சென்சாரில் எடுத்தாலும் ஆழம் ஒன்றுதான். சென்சாரின் பங்கு மறைமுகமானது. சிறிய சென்சாரில் அதே காட்சியைப் பிடிக்கக் குறைந்த குவியத் தூரம் வேண்டும். குறைந்த குவியத் தூரத்தில் அதே எஃப் எண் சிறிய துளையைத் தரும். பழி சென்சாரின் மேல் விழுகிறது, வேலையைச் செய்தது துளை.

தள்ளிவைத்த வேடிக்கைக்கு வருகிறேன். ஏபிஎஸ்-சியில் 33 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டரில் நின்றாலும், 50 மி.மீ. லென்ஸோடு 3 மீட்டருக்குப் பின்வாங்கினாலும் ஆழம் 28 செ.மீ. தான் என்று பார்த்தோம். ஆனால் பின்புலம் ஒன்றாக இருக்காது. முதலாவதில் துளை 17 மி.மீ. கூட இல்லை, இரண்டாவதில் 25 மி.மீ. தூரத்து விளக்கு முதல் படத்தில் ஆளின் பக்கத்தில் 17 மி.மீ. தட்டாகவும் இரண்டாவதில் 25 மி.மீ. தட்டாகவும் தெரியும். ஆழம் ஒன்று, மங்கல் வேறு. இன்னும் விசித்திரம், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் வைத்து 2 மீட்டரில் எடுத்த படத்தில் தூரத்து விளக்கின் தட்டும் இதே 25 மி.மீ. தான், அங்கே ஆழம் 19 செ.மீ. மட்டுமே. புல ஆழம், பின்புல மங்கல் இரண்டையும் ஒரே பொருளாகப் பேசுவதை விட்டுவிட வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். முகத்தில் மூக்கிலிருந்து காதுவரை கூர்மை வேண்டுமா என்பது ஆழத்தின் கேள்வி. பின்னால் இருக்கும் மரங்கள் கரைந்து நிற மேகமாக வேண்டுமா என்பது மங்கலின் கேள்வி. பொக்கே என்று பெரும்பாலோர் ஏங்குவது இரண்டாவதற்கு. அதற்குத் தூரத்துப் பின்புலமும் பெரிய துளையும் வேண்டும், கூடவே சட்டத்தை நிறைக்கும் ஆள் வேண்டும். சுவரை ஒட்டி நிற்பவரை எந்தச் சென்சாரில் எடுத்தாலும் சுவர் கரையாது.

சொந்த அனுபவம் ஒன்று. பல ஆண்டுகள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் வைத்துக் குழுப்படம் எடுத்துப் பழகியிருந்தேன். முதல் வரிசையில் ஃபோகஸ் வைத்து 4 மீட்டர் தள்ளி நின்றால் மூன்று வரிசையும் கூர்மையாக வரும். ஃபுல் ஃபிரேம் வாங்கிய புதிதில் ஒரு குடும்ப நிகழ்ச்சியில் அதே பழக்கத்தில் 50 மி.மீ., எஃப்/2, 4 மீட்டர் என்று எடுத்தேன். கேமராவின் பின்திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் முன்வரிசை குழந்தைகளின் இமைமயிர் எண்ணலாம், கடைசி வரிசையில் நின்ற பெரியவர்களின் முகம் மெழுகு போல வழிந்திருந்தது. கணக்கு பிற்பாடுதான் போட்டேன். பழைய கேமராவில் ஃபோகஸ் தளத்துக்குப் பின்னால் 94 செ.மீ. வரை இடம் இருந்தது, புதியதில் 42 செ.மீ. மட்டுமே. கடைசி வரிசை 80 செ.மீ. பின்னால். அன்று எஃப்/4-க்கு மூடி, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) நான்கு மடங்கு ஏற்றியிருந்தால் பழைய படம் அப்படியே கிடைத்திருக்கும். குழுப்படத்தை மறுபடி எடுக்க ஆட்களைக் கூட்ட முடியாது என்பதால் அந்தப் பாடம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அந்த நான்கு மடங்கு ஐஎஸ்ஓவில்தான் இன்னொரு வழக்கமான சண்டை இருக்கிறது. "எஃப்/2 என்றால் எங்கேயும் எஃப்/2 தான், அதில் கிராப் ஃபேக்டரைப் பெருக்கக் கூடாது" என்று கோபப்படுபவர்கள் உண்டு. ஒளியளவு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. எஃப்/2 எந்தச் சென்சாரிலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரே அளவு ஒளியைத் தருகிறது, ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் மாறத் தேவையில்லை. ஆனால் சிறிய சென்சாரில் சதுர மில்லிமீட்டர்கள் குறைவு. முழுப் படத்துக்கும் கிடைத்த மொத்த ஒளி எவ்வளவு என்று கேட்டால், விடை மறுபடியும் துளையின் பரப்புதான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ., எஃப்/2, ஐஎஸ்ஓ 200 என்று எடுப்பதும், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ., எஃப்/4, ஐஎஸ்ஓ 800 என்று அதே ஷட்டர் வேகத்தில் எடுப்பதும் ஒரே 12.5 மி.மீ. துளை வழியாக எடுத்த படங்கள். ஆழம் ஒன்று, பின்புல மங்கல் ஒன்று, சென்சார்களின் தொழில்நுட்பம் ஒரே தலைமுறை என்றால் இரைச்சலும் (படத்தில் தெரியும் பொட்டுப்பொட்டான குறையும்) கிட்டத்தட்ட ஒன்று.

இதை ஒப்புக்கொண்டால் நிலக்காட்சி எடுப்பவர்களின் ஒரு நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. சிறிய சென்சாரில் ஆழம் இனாமாகக் கிடைக்கிறது என்று நினைப்பார்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 12 மி.மீ., எஃப்/4 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை கூர்மை. ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ., எஃப்/8 வைத்தால் அதே 2.4 மீட்டர். இரண்டிலும் துளை 3 மி.மீ. இன்னும் மூடிக்கொண்டே போனால் ஒளியின் விளிம்பு வளைவால் படம் முழுக்கவே மென்மையாகிவிடும், அதுவும் துளையின் அளவைப் பொறுத்ததே. ஃபுல் ஃபிரேமில் எஃப்/22-இல் வரும் மென்மை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/11-லேயே வந்துவிடும். ஆழத்தின் உச்சவரம்பு இருவருக்கும் ஒன்றுதான். மிகச் சிறிய பொருட்களை நெருங்கி எடுக்கும் மேக்ரோவுக்கும் இதே கதைதான்.

1932-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலான புகைப்படக் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழுவுக்கு எஃப்/64 என்று பெயர் வைத்தார்கள். அடியிலிருந்து முடிவரை எல்லாம் கூர்மை என்பது அவர்கள் கொள்கை. இன்றைய கேமராக்காரருக்கு எஃப்/64 என்றால் தலை சுற்றும். ஆனால் அவர்களில் பலர் பயன்படுத்திய 8 × 10 அங்குலப் படலத்துக்கு 300 மி.மீ. லென்ஸே சாதாரண லென்ஸ். 300-ஐ 64-ஆல் வகுத்தால் துளை 4.7 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் அதே காட்சியை ஏறக்குறைய எஃப்/9-இல் எடுப்பதற்குச் சமம். அவ்வளவு பெரிய படலத்தில் அவ்வளவு இறுக மூடினால்தான் நாம் கூசாமல் எடுக்கும் ஆழம் அவர்களுக்குக் கிடைத்தது.

மறுமுனையில் இன்றைய கைபேசி. முதன்மைக் கேமராவின் உண்மையான குவியத் தூரம் பெரும்பாலும் 7 மி.மீ.க்குள்தான் இருக்கும், விளம்பரத்தில் 24 மி.மீ. என்று போட்டிருந்தாலும். எஃப்/1.8 என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். 6.8-ஐ 1.8-ஆல் வகுத்தால் துளை 3.8 மி.மீ., சட்டைப் பொத்தானில் மூன்றில் ஒரு பங்கு. 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே கூர்மை. தூரத்து விளக்கு ஆளின் தோளருகே 4 மி.மீ. தட்டாக விழும், யாரும் அதை மங்கல் என்று கவனிக்கக்கூட மாட்டார்கள். அதனால்தான் 2016-இல் ஐஃபோன் 7 பிளஸில் போர்ட்ரெயிட் முறை வந்தபோது, மங்கலைக் கண்ணாடியிடம் கேட்காமல் கணக்கிடம் கேட்டார்கள். கணக்கு இன்றும் தலைமுடியின் ஓரத்திலும் மூக்குக் கண்ணாடிக்கு உள்ளேயும் தடுமாறுகிறது. அங்கே மங்கல் வெட்டி ஒட்டினாற்போல நிற்கும். உண்மையான கூம்பு அப்படி வெட்டாது.

எண் விளையாட்டில் கைபேசியை மட்டும் குறைசொல்ல முடியாது. ஒரு அங்குல சென்சார் வைத்த கேமராக்களில் 24-600 மி.மீ., எஃப்/2.4-4 என்று எழுதப்பட்டவை உண்டு. குவியத் தூரத்தை ஃபுல் ஃபிரேம் கணக்குக்கு மாற்றி எழுதியவர்கள் எஃப் எண்ணை மாற்றவில்லை. உண்மையான குவியத் தூரம் 220 மி.மீ., எஃப்/4-இல் துளை 55 மி.மீ. 600-ஐ 55-ஆல் வகுத்தால் எஃப்/11. அந்த "ஒரு அங்குலம்" என்ற பெயரும் அப்படித்தான்: மூலைவிட்டம் 16 மி.மீ. மட்டுமே, பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிவிட்டத்திலிருந்து வந்த பெயர் அது.

பெரிய சென்சார் என்றால் தானாகவே மெல்லிய ஆழம் என்பதும் மாயைதான். 44 × 33 மி.மீ. மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு ஃபுஜிஃபில்ம் தரும் 110 மி.மீ., எஃப்/2 லென்ஸின் துளை 55 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் கிட்டத்தட்ட அதே கோணத்தைத் தரும் 85 மி.மீ., எஃப்/1.4 லென்ஸின் துளை 61 மி.மீ. எஃப்/1.2 என்றால் 71 மி.மீ. சிறிய சென்சார்தான் பின்புலத்தை அதிகம் கரைக்கிறது. கீழே வந்தால், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்காக வோக்ட்லாண்டர் செய்த 25 மி.மீ., எஃப்/0.95 லென்ஸின் துளை 26 மி.மீ. அது ஃபுல் ஃபிரேமின் 50 மி.மீ., எஃப்/1.9-க்குச் சமம். சந்தையில் எந்த லென்ஸ் கிடைக்கிறது என்பதே கடைசியில் முடிவுசெய்கிறது. இதில் ஃபுல் ஃபிரேமுக்கு நல்ல நிலைமை என்பதை மறுக்க மாட்டேன். எஃப்/1.4, எஃப்/1.8 லென்ஸ்கள் அதற்கு ஏராளம். அதே துளையைச் சிறிய சென்சாரில் கேட்டால் எஃப்/0.7, எஃப்/0.9 என்று போக வேண்டும். அவை செய்யக் கடினம், கிடைப்பதும் அரிது.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எல்லா ஆழங்களும் படத்தை முழுதாகப் பார்ப்பவருக்கானவை. கணினித் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது உங்கள் வழக்கம் என்றால் கதை மாறும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. நாம் சலுகை கொடுத்த 0.03 மி.மீ. என்பது ஐந்து பிக்சல். பிக்சல் அளவில் கூர்மை கேட்டால் அந்த 19 செ.மீ. ஆழம் 4 செ.மீ.க்கும் குறைந்துவிடும். கணிப்பான் கூர்மை என்று சொன்ன காது, திரையில் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் லென்ஸின் குறை அல்ல.

இனி நீங்கள் கேட்ட கடைசிப் பகுதி. உங்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ., எஃப்/1.8 லென்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துளை 14 மி.மீ. அதை விற்று, கூடவே வரும் சாதாரண ஜூம் லென்ஸோடு ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினால், 50 மி.மீ. பக்கத்தில் அந்த ஜூமின் எஃப் எண் பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். துளை 10 மி.மீ. சென்சார் நான்கு மடங்கு பெரிதாகியும் பின்புலம் இப்போதைவிடக் குறைவாகத்தான் மங்கும். ஃபுல் ஃபிரேமோடு 50 மி.மீ., எஃப்/1.8 லென்ஸும் சேர்த்து வாங்கினால் துளை 28 மி.மீ., மங்கல் இரட்டிப்பாகும். அது நியாயமான காரணம்.

ஆனால் முகப்படங்கள்தான் உங்கள் ஆசை என்றால், கேமராவை விற்பதற்கு முன்னால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கே கிடைக்கும் 45 மி.மீ., எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை யாரிடமாவது ஒரு மாலைக்கு இரவல் வாங்குங்கள். அதன் துளை 25 மி.மீ. ஃபுல் ஃபிரேமின் 50 மி.மீ., எஃப்/2 லென்ஸில் இருக்கும் அதே துளை. அளவுகோல், தூரத்து விளக்கு, முக்காலி மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு உங்கள் 25 மி.மீ. லென்ஸில் ஒரு படம், அதில் ஒரு படம் எடுங்கள். அளவுகோலுக்குப் பதிலாக அடுத்து ஒரு முகத்தை அதே சட்ட அளவில் நிறுத்தி இரண்டிலும் எடுங்கள். அந்த 25 மி.மீ. தட்டுகள் உங்களுக்குப் போதுமா, இன்னும் வேண்டுமா என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.